மூன்றாம் எண் கூண்டு

பாம்பன் ஐஸ் கம்பெனியில்
இரண்டு கிலோ தூள் ஐஸ் கேட்டேன்.
"என்ன மீனு?" என்றான் எடை போடுகிறவன்.
ரத்தம் என்று சொல்ல வாய் வரவில்லை.
சீலா என்றேன்.

ஐஸைச் சாக்கில் சுற்றிப் பெட்டிக்கு அடியில்,
அதன்மேல் துண்டு, துண்டின்மேல் குழாய்கள்.
செல்கள் விறைக்கவும் கூடாது, வேகவும் கூடாது.
இருபத்திரண்டு டிகிரி வேண்டும் அவற்றுக்கு,
மே மாதம் இந்தக் கரையில்
யாருக்கும் கிடைக்காத சுகம்.

சின்னப்பாலத்து நம்புத்தாய்க்கு நாற்பத்தொன்று.
பாசி எடுக்கிறவள்.
விரல் விரலாகத் துணி சுற்றி
பாறையிடுக்கில் மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்த்து
இடுப்புச் சாக்கில் திணித்த கை
இப்போது விடிந்து இரண்டு மணி நேரம் திறப்பதில்லை.
வெந்நீர்ச் செம்பை
மணிக்கட்டுகளால் அணைத்துத் தூக்குகிறாள்.

நரம்பு தேடிக்கொண்டிருந்தேன்.
"கடல்ல முள்ளு குத்துனா வீங்கும் தம்பி,
நாலு நாள்ல வத்திரும்.
இது எந்த முள்ளு?"

முள்ளே இல்லாததுதான் நோய்.
அதை எப்படிச் சொல்ல?
துறைமுகக் கம்பத்தைக் காட்டினேன்.
புயல் வந்தால் அங்கே கூண்டு ஏறும்,
உடம்பிலும் அப்படித்தான்,
ஒரு செல் ஏற்றியதைப் பார்த்து
அடுத்த செல் ஏற்றும்,
கிருமி போனதும் இறக்கிவிட வேண்டும்.
உங்களுக்கு இறங்கவில்லை.

"புயலே வரலியே" என்றாள்.
கொஞ்ச நேரம் கழித்து,
"கூண்டு ஏத்துன நாள்ல
எங்களுக்கு வருமானமும் கிடையாது."

ஒப்பிட நலமான ரத்தம் ஒன்று வேண்டும்.
நாத்தனார் பூமயில் கையை நீட்டினாள்.
அதே வயது, அதே கடல், அதே பாசி.
ஊசியைப் பார்க்காமல்
பாலத்தில் ரயில் வருகிறதா என்று பார்த்தாள்.

ஒப்புதல் படிவத்தில் ஒரு வரி,
எப்போதும் வேகமாக வாசித்துவிடுவேன்:
இந்த ஆய்வால் உங்களுக்கு நேரடிப் பலன் இல்லை.
"அதைத் திருப்பி வாசிங்க" என்றாள் நம்புத்தாய்.
வாசித்தேன்.
கையெழுத்துப் போடத் தெரியும் அவளுக்கு.
பேனா நிற்கவில்லை.
வீங்கிய பெருவிரலை மையில் அழுத்தினாள்.

"மீன் பெட்டிய மேல போடு" என்றார் கண்டக்டர்.
டிக்கெட் இன்னொன்று எடுத்து
மடியில் வைத்துக்கொண்டேன்.
மண்டபம் வருமுன் செல்போன் அதிர்ந்தது:
இலங்கைக்கு உங்களை வரவேற்கிறோம்.
சொந்த மண்ணில் கிடக்கும் கருவிக்கு
அயல்நாடு என்று பட்டுவிட்டது.
பலமாக வந்த அலைக்குக் காது கொடுத்திருக்கிறது, அவ்வளவுதான்.
அதைத் திட்டவும் தோன்றவில்லை.
உச்சிப்புளியில் தானாகவே சரியானது.

மதுரை. இரவு ஒன்பதரை.
செல்களைப் பிரித்து
இருவருக்கும் ஒரே அளவு சைட்டோகைன் விட்டேன்.
பதினைந்தாம் நிமிடம்
இரு பக்கமும் ஸ்டாட் புரதங்கள்
பாஸ்பேட்டைச் சூடிக்கொண்டு உட்கருவுக்குள் ஓடின.
திரையில் இரண்டு மேடுகள், ஒரே உயரம்.
நாத்தனாரும் அண்ணியும் அதுவரை ஒன்று.

ஒரு மணி நேரத்தில் பூமயிலின் மேடு சரிந்தது.
நாலாம் மணியில் தரையோடு தரை.
நம்புத்தாயின் மேடு
எழுந்த இடத்திலேயே நின்றது.
கருவியைச் சந்தேகித்து மறுபடி ஓட்டினேன்.
நின்றது.

ஏற்றிய கை சரியாகத்தான் ஏற்றியிருக்கிறது.
இறக்குவதற்கென்று ஒரு புரதம் உண்டு.
அது அவளிடம் இல்லையா,
இருந்தும் வேலைக்கு வரவில்லையா,
சொல்ல இன்னும் முப்பத்தாறு பேர் ரத்தம் வேண்டும்,
இரண்டு வருடம் வேண்டும்,
மானியக் குழு மனது வைக்க வேண்டும்.

அதிகாலை மூன்றரைக்குப் பெட்டியைக் கழுவினேன்.
உருகிய தண்ணீரில் ஒரு மீன் செதிள்,
ஐஸ் கம்பெனியிலிருந்தே கூட வந்தது.
குறிப்பேட்டில் அதற்குக் கட்டம் இல்லை.

இன்னும் இரண்டு மணி நேரத்தில்
சின்னப்பாலத்தில் வெளுக்கும்.
செம்பு அடுப்பின் மேல் இருக்கும்.