இதர வரவு

ஜூன் முப்பதுக்குள் பெயர்களைக் கழித்தாக வேண்டும்.
ஜூலை ஒன்றாம் தேதி பட்டியலில் எத்தனை தலையோ
அத்தனைக்கும் தலைமையகத்துக்கு டாலரில் கட்ட வேண்டும்.
ரூபாய் சரிந்தால் எங்கள் சேவையின் விலை ஏறும்.
அல்சூர் கிளைப் பொருளாளர் எனக்கு இது தெரியும்,
மாலை போட்டுக்கொள்கிற தலைவருக்குத் தெரியாது.

மார்க்கபந்து, கண்ணாடிக் கடை, காமராஜ் சாலை.
பதினோரு வருட உறுப்பினர்.
கூட்டங்களில் அபராதம் வசூலிப்பவர் அவர்தான்:
செல்போன் அடித்தால் இருபது,
தாமதமாக வந்தால் பத்து,
சட்டையில் சங்கத்தின் பின் இல்லையென்றால் பத்து.
போர்ன்விட்டா டப்பாவைக் குலுக்கிக்கொண்டு
கவர்னரையே விடாதவர்.

மெட்ரோவுக்குச் சாலையைத் தோண்டினார்கள்.
கடை தகரத் தடுப்புக்குப் பின்னால் போனது.
மூன்று தவணை பாக்கி, பதினாலாயிரத்து இருநூறு.
நினைவூட்டல் ஒன்று. இரண்டு.
மூன்றாவதில் 'அன்புள்ள' வேண்டாம் என்றார் செயலாளர்.
எடுத்துவிட்டேன்.
பிறகு சிவப்பு மையில் கோடு,
ஸ்கேல் வைத்துத்தான்.
கோணலாக அடித்தால்
கோபம் என்று நினைத்துவிடுவார்கள்.

ஆனால் என்னிடம் இன்னொரு நோட்டு உண்டு,
மகளின் பழைய கெமிஸ்ட்ரி ரெக்கார்டு,
பின்பக்கத்திலிருந்து எழுதி வருவது.
அதில் பதவி கிடையாது, சந்தா கிடையாது.
ரத்த வகை, போன் நம்பர்,
அப்புறம் என் கிறுக்கல்கள்:
ராத்திரியும் கூப்பிடலாம்.
மனைவி எடுத்தால் முதலில் நலம் விசாரி.
ஊசி என்றால் பயம், நேரில் போய் அழைத்து வா.
பிப்ரவரியில் கொடுத்தார், மே வரை கேட்காதே.
மார்க்கபந்துவுக்கு நேரே ஓ நெகட்டிவ்.
அங்கேயும் கோடு போடப் போனேன்.
ஸ்கேலை எடுத்தேன்,
மேசை டிராயரில் வைத்துப் பூட்டினேன்.

அக்டோபர். மழை. இரண்டு பத்து.
போரிங் ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் ஃப்ளாவியா:
ராய்ச்சூர்ப் பெண், கட்டட வேலை,
பிள்ளை வந்துவிட்டது, ரத்தம் நிற்கவில்லை,
இங்கே ஒரே ஒரு பைதான் அக்கா.

நோட்டில் ஓ நெகட்டிவ் நாலு பேர்.
ஒருவர் துபாயில்.
ஒருவருக்கு இப்போது இன்சுலின்.
ஒருத்தி போன வாரம்தான் கொடுத்தாள்.
நாலாவது நம்பருக்கு முன்னால்
விரல் கொஞ்ச நேரம் நின்றது.
'தாங்கள் இனி உறுப்பினர் அல்லர்' என்று
டைப் அடித்த அதே விரல்.

மூன்றாவது மணியில் எடுத்தார்.
யார் என்று சொல்ல வாய் வரவில்லை.
"ஓ நெகட்டிவ்" என்றேன்.
"எங்கே?" என்றார்.

லிங்கராஜபுரத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்தார்,
கண்ணாடி சுற்றுகிற குமிழ்த் தாளை
மேலே போர்த்தி, கயிற்றால் கட்டிக்கொண்டு.
வாட்ச்மேன் பார்சல் என்று நினைத்து
பின்வாசலைக் காட்டினான்.

அவர் படுத்து ரப்பர் பந்தை அமுக்கும் நேரம்
அந்தப் பெண்ணின் புருஷன்
காலில் காய்ந்த சிமென்ட்டோடு
யாரைக் கும்பிடுவதென்று தெரியாமல்
தண்ணீர் ஃபில்டரைக் கும்பிட்டுக்கொண்டிருந்தான்.
மூன்று நாற்பதுக்கு செயலாளரின் வாட்ஸ்அப்:
பேனர் கொண்டுபோனீர்களா? போட்டோ?

எழுந்து, பிஸ்கட்டைத் தின்று,
என் ஸ்வெட்டரைப் பார்த்தார் மார்க்கபந்து.
"பின் எங்கே?"
அவசரத்தில், என்று இழுத்தேன்.
"பத்து ரூபாய்."
பர்ஸும் கொண்டுவரவில்லை.
தன் சட்டையைக் குனிந்து பார்த்தார்.
"எனக்கும் ஒரு பத்து" என்று
நனைந்த நோட்டு இரண்டை என் கையில் வைத்து
மறுபடி குமிழ்த் தாளுக்குள் நுழைந்தார்.
பாக்கியைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும்.

விடிந்ததும் ஃப்ளாவியாவின் செய்தி:
கண் திறந்தாள், ஜோள ரொட்டி கேட்கிறாள்,
இங்கே பிரெட்தான் இருக்கிறது.

உறுப்பினர் அல்லாதவரிடம் அபராதம் வாங்க
விதியில் இடமில்லை.
இதர வரவு, இருபது ரூபாய் என்று எழுதி
விவரம் என்ற கட்டத்தைக் காலியாக விட்டேன்.
ஆடிட்டர் பென்சிலால் சுழிப்பார்,
சுழிக்கட்டும்.

கெமிஸ்ட்ரி ரெக்கார்டில் மட்டும் ஒரு வரி சேர்த்தேன்:
அக்டோபரில் கொடுத்தார்,
ஜனவரி வரை கேட்காதே.