எடைக்குப் போட்டது

கித்தா ஷீட் உருட்டும் மெஷின் ஒன்று
தோட்டம் கைமாறிய வருடத்திலிருந்து
என் கொட்டகையில் கிடந்தது.
இரண்டு உருளை, ஒரு கைப்பிடி, பல் போன சக்கரம்.
தராசில் ஏற்றினால் முள் நூற்றெண்பதில் நிற்கும்.
கிலோ ஒரு வெள்ளி இருபது காசு என்றேன்.
பேரம் பேசாமல் எண்ணி வைத்தாள்.
பேரம் பேசாதவர்களைக் கண்டால் எனக்குப் பயம்.

ஸ்லோவேனியாவாம். எங்கே என்று நான் கேட்கவில்லை.
அங்கே மட்டும் கோலாகெட்டிலை யாருக்குத் தெரியும்?
லிஸ்பனில் நான்கு வருடம், கியோத்தோவில் இரண்டு,
மெக்சிகோவில் ஒரு கல்யாணம்,
பிறகு சுங்கைப்பட்டாணி போகிற பஸ்ஸில்
பாதித் தூக்கத்தில் விழித்து, இதுதானென்று இறங்கியவள்.
பெயர் யெர்னேயா.
ஒட்டுக்கடை பாக்கியவதி அதை ஒரு வாரம் மென்று பார்த்துவிட்டு
அச்சுக்காரி என்று துப்பினாள்.
அதுவே நின்றது.

ஆ லெக் சைக்கிள் கடை மாடிக்கு
நான்கு பேர் மெஷினைத் தூக்கினோம்.
மேசையில் பால்மரப் பலகை.
தமிழ் வெட்டிக்கொண்டிருந்தாள், இடம் வலம் மாற்றி;
கால் முன்னால், கொம்பு பின்னால்.
தாளில் விழும்போது நேராகிவிடுமாம்.
கண்ணும் அப்படியே பழகிவிட்டது.
கோயில் பெயர்ப்பலகையைத் தடவித் தடவி வாசிப்பவள்
என் லோரிக் கண்ணாடியில் கண்டால் கடகடவென்று படிக்கிறாள்.
தாண்டி வந்த ஊரெல்லாம் அவளுக்குத் தெளிவாகத் தெரிகிறது.

வேடிக்கை பார்க்க வந்த தவமணி
உளியை வாங்கி நகத்தில் உரசி, கூர் போதாது என்றாள்.
பலகையைத் திருப்பிப் பார்த்தாள். தாளைப் பார்த்தாள்.
“எங்க பால்வெட்டும் இதே கதைதான்.
வெட்டின இடம் வெள்ளை.”

அச்சுக்காரி எழுந்து நின்றுவிட்டாள்.
மறுநாள் விடியாத ஐந்து மணிக்கு
நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு
தவமணி பின்னால் நிரையில் நடந்தாள்.
கொசுக்கடியில் முகம் வீங்கித் திரும்பினாள்.
அதன் பிறகு ராத்திரியெல்லாம் மாடியில் உருளைச் சத்தம்.
சரிந்த வெட்டு. மங்கு.
விளக்கு வட்டத்துக்குள் ஒரு மணிக்கட்டு.
வரி உருளையைக் கழற்றித் தருகிறேன் என்றேன்.
வேண்டாம் என்றாள்;
ஷீட்டில் விழுகிற அதே வரி
அவள் தாள்களிலும் மழைபோல் விழுந்தது.

கோலாலம்பூரிலிருந்து ஒரு கேலரி ஆள் வந்து
காவடி இல்லையா, கோபுரம் இல்லையா என்றானாம்.
தெரியாததை வெட்டினால் விரல் போகும் என்றாளாம்.

ஆனால் என்னை வரையாதே என்று
முதல் நாளே சொல்லியிருந்தேன்.
எத்தனை பேர் வந்து எங்களைப் படம் பிடித்தார்கள்,
ஒரு பிரதி அனுப்பியதில்லை ஒருத்தனும்.
சரி என்றிருந்தாள். சொல்லைக் காப்பாற்றவும் செய்தாள்.

பொங்கல் கழிந்த வாரம்
மை காயாத தாளோடு வந்தாள்.
என் கடை. தராசு, பேட்டரிக் குவியல், ஓடாத ஃபேன்,
படுத்திருக்கும் நாய் கூட.
என் நாற்காலியில் மட்டும் மை இல்லை.
தொந்தியிலிருந்து
காதில் சொருகிய பென்சில் வரைக்கும்
ஓர் ஆள் அளவு வெள்ளை.

“அச்சு அசல் நீதான்யா!”
கையிலிருந்த தே தாரேக் தளும்பச் சிரித்தாள் பாக்கியவதி.

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.
பழக்கதோஷம், தாளைத் தராசில் வைத்தேன்.
முள் அசையவில்லை.
எடுக்கும்போது ஓரத்தில்
என் கட்டைவிரல் கறுப்பாகப் பதிந்துவிட்டது.

கிராணி மேசைக்கு முன் குனிந்து
அப்பா மாதாமாதம் வைத்தது அது.
நான் ஐந்தாம் பாரம் படித்தவன்,
கையெழுத்தில் சுழி போட்டு முடிப்பவன்.
துடைக்கத் துணி தேடினேன்.

அவள் என் காதிலிருந்த பென்சிலை உருவி
விரல் அடையாளத்துக்குப் பக்கத்தில்
தன் பெயரை எழுதினாள்,
தமிழில், நேராக.
ஒரு கொம்பு மட்டும்
அந்தப் பக்கம் பார்த்து நின்றது.