பதினோராம் நிமிடம்

வில்லாபுரத்தில் ரேஷன் கடைக்கு மேல்மாடி.
ஷட்டரை ஏற்றியதும் என் முதல் வேலை
தண்ணீரை எழுப்புவது.
இரவெல்லாம் குழாய்க்குள் உறங்கிய நீரை
யார் வாயிலும் படாமல்
இரண்டு நிமிடம் ஓடவிடுவேன்.
வைகையே காய்ந்து கிடக்கு, நீ இப்படிக் கொட்டுறியே என்று
வீட்டுக்காரர் ஒருநாள் படியேறி வந்தார்.
இது நேத்துத் தண்ணி சார் என்றேன்.
மீட்டரைப் பார்த்தபடி இறங்கிப் போனார்.

அப்புறம் கண்ணாடி, ஊசிமுனை, கொறடு.
தேய்த்து, அலசி, ஈரம் போக்கி,
உறையிலிட்டு, பட்டை ஒட்டி
அடுக்கி மூடினால்
பெட்டி மூச்சுவிடத் தொடங்கும்.
நூற்று இருபத்தோரு டிகிரி. பதினைந்து நிமிடம்.

மின்தடை புதன்கிழமை என்று பேப்பரில் போட்டிருந்தது.
வந்தது செவ்வாய்க்கிழமை.
பதினோராம் நிமிடம்
முதலில் மின்விசிறி சொன்னது,
பிறகு பெட்டி ஒருமுறை முனகி அடங்கியது.
இன்வெர்ட்டர் நாற்காலியைத் தாங்கும்,
விளக்கைத் தாங்கும்,
பெட்டியைத் தாங்காது.

நாற்காலியில் மொக்கராசு.
உசிலம்பட்டியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தவர்.
ஊசி போட்டாகிவிட்டது,
பாதி உதடு அவருடையதில்லை.
கடைவாய்க் கொறடு எங்களிடம் ஒன்றுதான்,
அது பெட்டிக்குள்.

டாக்டர் துளசிராம் கையுறையோடு திரும்பினார்:
"பதினோரு நிமிஷம் போதாதா ஆக்னஸ்?
இட்லியே வெந்திருக்கும்."
"இட்லி வயித்துக்குப் போகும் டாக்டர்,
இது ரத்தத்துக்குள்ள போகும்."

உறையை எடுத்துக் காட்டினேன்.
கறுத்திருக்க வேண்டிய கோடுகள்
சுட்டும் சுடாத கத்தரிக்காய்த் தோலாக
மங்கிக் கிடந்தன.

அவர் கெட்டவர் இல்லை.
வெளி பெஞ்சில் நாலு பேர்,
ஒருத்தி கைக்குழந்தையோடு.
நாற்காலிக்கு இன்னும் பதினேழு தவணை.

நானும் தைரியசாலி இல்லை.
போன ஆடியில் ஊசி ஒன்று
என் பெருவிரலில் ஏறியது.
யாருக்குப் போட்ட ஊசி என்று தெரியவில்லை.
ஆறு மாதம் ரத்தம் கொடுத்துக் கொடுத்து
சீட்டு வாங்கினேன்.
ஆறு மாதமும் என் மகனுக்கு
என் தட்டிலிருந்து ஒரு வாய் ஊட்டவில்லை.
அப்படியெல்லாம் ஒட்டாது என்றார் டாக்டர்.
எனக்கும் தெரியும்.
ஆனாலும்.

மரத்த நாக்கோடு
மொக்கராசு கேட்டார்:
"எனக்கு முந்தி யாரு வாயில இருந்துச்சும்மா அது?"

சொல்ல முடியவில்லை.
கொறடில் நாங்கள் பேர் எழுதுவதில்லை.

"அப்ப இருக்கேன்" என்றார்.
ஒழுகும் எச்சிலைத் துண்டில் ஒற்றிக்கொண்டு
சன்னல் வழியே
பெருங்குடிக்கு இறங்கும் விமானத்தை
அண்ணாந்து பார்த்தார்.

கரண்ட் வந்தபோது பன்னிரண்டே முக்கால்.
மிச்சம் நாலு நிமிடம் என்று ஒரு கணக்கே கிடையாது.
உறை கிழித்து, புது உறை மாட்டி,
ஒன்றிலிருந்து.

அதற்குள் மரப்பு விட்டிருந்தது.
டாக்டர் மறுபடி ஊசி போட்டார், காசு வாங்கவில்லை.
பல் மூன்று நிமிடத்தில் வந்துவிட்டது,
வேர் மூன்றும் முழுசாக.
கோடுகள் கறுத்த பட்டையைக் கிழித்து
நோட்டில் ஒட்டினேன்.
மேலே எழுதினேன்: முறிந்தது ஒன்று. முடிந்தது ஒன்று.

டாக்டர் நாள் முழுக்க என்னோடு பேசவில்லை.
சாயங்காலம் மேசை துடைக்கையில் பார்த்தேன்,
பில் புத்தகத்தின் பின்னட்டையில்
ஜெனரேட்டர் விலை எழுதியிருந்தார்.
அடித்திருந்தார்.
அதன் கீழே
மறுபடி எழுதியிருந்தார்.