இழுக்கிற வண்டி

லாக்லனுக்குப் பந்தயம் பன்னிரண்டு சுற்று.
எனக்கு, அலெக்ஸாண்ட்ராவிலிருந்து டிமாரு வரை
நான்கு மணி நேரம், நடுவில் ஒரு கணவாய்,
பின்கண்ணாடியை விட்டு விலகாத
அந்த ஆரஞ்சு மூஞ்சி.
ஆகவே இழுக்கிற வண்டியை நான்தான் பார்ப்பேன் என்றேன்.
அவன் மறுக்கவில்லை.
இடது தோள் இன்னும் முழுசாய் உயரவில்லை அவனுக்கு.

பழைய வேகன் போன மார்ச்சில் முடிந்தது.
லிண்டிஸ் இறக்கத்தில், வீடு திரும்பும்போது,
வடமேற்குக் காற்று பக்கவாட்டில் ஒரு தட்டு தட்டியது.
ட்ரெய்லர் முதலில் யோசித்தது. பிறகு ஆடியது.
பிறகு வால் நாயை ஆட்டியது.
மிதிக்காதே, பிரேக்கை மிதிக்காதே என்று
அவன் கத்தியது காதில் விழுவதற்குள்
கால் மிதித்துவிட்டிருந்தது.
டஸ்ஸக் புல்லில் குப்புறக் கிடந்தோம்
வேகன், ட்ரெய்லர், ஆரஞ்சு, நாங்கள்.
தோள் போனது அங்கேதான்.
பந்தயத்தில் போகவில்லையே என்பதுதான்
அவனுக்கு இன்றுவரை வெட்கம்.

குளிர்காலம் முழுக்க வண்டி பார்த்தேன்.

ஓமருவில் எட்டு சிலிண்டர் ஒன்று.
உறுமினால் பக்கத்து வீட்டு ஜன்னல் பதில் சொல்லும்.
யானையைக் கட்டித் தீனி போடுகிற கதை, ஆனாலும் கேட்டேன்.
"மூன்றரை டன் இழுக்கும்," என்றார் உரிமையாளர்.
"எவ்வளவை நிறுத்தும்?"
அவர் தன் நாயைப் பார்த்தார்.

க்ராம்வெலில் செர்ரித் தோட்டத்து வேன்.
மெத்தை, கெட்டில், குட்டி மேசை.
லாக்லன் படுத்தே பார்த்துவிட்டான், கால் வெளியே நீட்டியது.
எனக்கும் ஆசைதான்.
ஆனால் இழுப்பது முன்சக்கரங்கள்.
மழை பெய்த மைதானத்தில் அவை வெறுமனே சுழல,
டிராக்டருக்காகக் காத்து நிற்கும் வரிசையில்
நான் ஏற்கனவே நின்றிருக்கிறேன், கையில் ஆறிய சூப்போடு.

உயர்த்திக் கட்டிய யூட் ஒன்றும் வந்தது.
ஏற ஏணி வேண்டும். கல்யாண மாப்பிள்ளை மிடுக்கு.
கொக்கி என் இடுப்புக்கு மேலே இருந்தது.
திருப்பி அனுப்பினேன்.

ரான்ஃபர்லியில் டிபெனே வைத்திருந்தது
பால் அதிகமான தேநீர் நிறத்தில், நீண்ட டீசல்.
உள்ளே வைக்கோல் வாசம்.
"பதினாறு வருஷம் குதிரைகளை இழுத்திருக்கிறது.
குதிரை நின்றுகொண்டே பயணம் செய்கிற பிராணி.
வெடுக்கென்று நிறுத்தினால் வீட்டுக்குப் போய்த்தான் உதைக்கும்."
விலையைச் சொல்லாமல் சாவியைத் தந்தார்.

காரை ட்ரெய்லரில் ஏற்றி
ஒரு சாண் முன்னால் நகர்த்தினேன்.
எடை கொக்கியின் குண்டில் உட்கார வேண்டும்,
அழுத்தவும் கூடாது, தூக்கவும் கூடாது.
என் முஷ்டியளவு இரும்பு.
இரண்டு டன்னும் ஒரு கல்யாணமும் அதன்மேல்தான்.

லிண்டிஸ் உச்சியில் அதே காற்று.
அதே வளைவு. புல்லில் எங்கள் தழும்பு
இன்னும் ஆறவில்லை.
கியரை இறக்கினேன். காற்று தட்டியது.
வண்டி ஒரு முறை மூச்சுவிட்டுக்கொண்டது, அவ்வளவுதான்.
பின்கண்ணாடியில் ஆரஞ்சு மூஞ்சி, அசையாமல்.
ஏதாவது சொல்வான் என்று பக்கத்தில் திரும்பினேன்.
மடியில் பாதி தின்ற இறைச்சிப் பையோடு
லாக்லன் தூங்கிக்கொண்டிருந்தான்.
வாய் திறந்து.

வாங்கிவிட்டேன்.

"நூறு கிலோமீட்டர் வேகம் பிடிக்க எவ்வளவு நேரம்?"
என்று அவன் நண்பர்கள் கேட்கிறார்கள்.
இன்னும் பிடித்ததில்லை என்கிறேன்.

நவம்பரில் டிமாருவில் நான்காவது சுற்றில் இன்ஜின் வெடித்தது.
வின்ச்சில் இழுத்து ஏற்றினோம், எண்ணெய் சொட்டச் சொட்ட.
வழியெல்லாம் அவன் பேசவில்லை.
கூரோ தாண்டி பெட்ரோல் பங்கில் நின்றபோது
குண்டில் கை வைத்துப் பார்த்தேன். இளஞ்சூடு.
வென்ற காரும் வெந்த காரும் ஒரே எடை.
காலையில் எப்படி வந்ததோ
அப்படியே திரும்புகிறது வண்டி,
தொண்ணூறைத் தாண்டாமல்,
பின்னால் நிற்பது குதிரை என்று நினைத்துக்கொண்டு.