கொருக்குப்பேட்டை கேட்

மூணு ஞாயிறு அலைந்தேன்.
“செஸ்ஸா? கேரம் ஆடு, வா.”
“பாக்ஸிங்னா மாடியில.”
நாலாவது ஞாயிறு கேட் விழுந்துவிட்டது.
கூட்ஸ் வண்டி,
ஐம்பது பெட்டிக்குக் குறையாது.
பக்கத்து மீன்பாடி வண்டியில்
ஹார்லிக்ஸ் பாட்டில் குலுங்கியது,
உள்ளே குதிரைகள்.
“எங்கண்ணே ஆடுறீங்க?”
“ஏறு” என்றார் தேசப்பன்.

ஐஸ் ஃபேக்டரி மாடி.
கறுப்பு யானை தொலைந்த கட்டத்தில்
ஒரு ஸ்பார்க் பிளக்,
நேராகப் போய் நேராக வெட்டுகிறது.
சந்தா இருபது ரூபாய்.
நோட்டில் என் பெயருக்கு எதிரே
“டெய்லர், மதியம் மட்டும்.”

ஜெனிலா, ஏழாம் வகுப்பு,
சைக்கிள் சாவியைச் சுழற்றிக்கொண்டே சொன்னாள்:
“தொட்டா நவுத்தணும்க்கா.”
ராணி போச்சு.

திரும்பும்போதும் கேட் மூடியிருந்தது.
ஹாரன்களோடு சேர்ந்து நான் திட்டவில்லை.
எங்கே விட்டேன் என்று பார்க்க
ஒரு ரயில் நீளம் வேண்டியிருந்தது.