எடை குறைந்த பவுன்

அவருக்குத் தராசு தேவைப்பட்டதில்லை.
பவுனைக் கட்டை விரல்மேல் வைத்துக்கொண்டு
ஜன்னல் பக்கம் பார்ப்பார்.
"அரை பார்லிமணி குறைகிறது, மிஸ்டர் ஓட்லி."
நான் பித்தளைத் தராசில் இட்டுச் சரிபார்ப்பேன்.
முப்பத்தொரு வருடத்தில் இரண்டு தடவை தவறினார்.
இரண்டும்
அவர் மனைவி இறந்த வாரத்தில்.

ஆம்புரோஸ் திரெல்ஃபால்.
அப்பா ஜோசையா. அவருக்கு அப்பா இன்னொரு ஆம்புரோஸ்.
கம்பளி விற்ற காசைப் பூட்டிவைக்க
இரும்புப் பெட்டி வாங்கினவர்,
பெட்டியில் மிச்சமிருந்த இடத்துக்கு
ஊரார் காசைக் கேட்டு வாங்கினார்.
அப்படித்தான் பிறந்தது எங்கள் வங்கி.
பேரன் பிறந்தபோது
ஞானஸ்நானத்துக்கு முன்பே
அவன் பெயர் ஐந்து பவுண்டு நோட்டில் இருந்தது.

கல்லாவுக்கு மேலே மூன்று படங்கள், ஒரே மூக்கு.
கடன் கேட்டு வருகிறவன்
தொப்பியைக் கழற்றுவதற்குள்
மூன்று தலைமுறை அவனை மறுத்திருக்கும்.

எங்கோ ஒரு வங்கி சாய்ந்த நவம்பரில்
ஸ்கெல்பெக் முழுவதும் எங்கள் வாசலில் நின்றது.
விளக்குகளை ஏற்றச் சொன்னார்.
நள்ளிரவு வரை கதவு மூடவில்லை.
கேட்டவருக்கெல்லாம் கேட்டதைக் கொடுத்தார்,
குழந்தையோடு வந்தவளுக்கு நாற்காலியும்.
கூட்டம் கலைந்த பிறகு
கரி வாளியில் குனிந்து வாந்தியெடுத்தார்.
கோட்டைப் பிடித்துக்கொண்டிருந்தவன் நான்.
அடுத்த தேர்தலில்
அவரை லண்டனுக்கு அனுப்பினோம்.

பதினாறு வருடம் பாராளுமன்றம், மூன்று பேச்சு:
தேய்ந்த பவுன்களைப் பற்றி ஒன்று,
எங்கள் ஊர் ரயில்வே கேட் பற்றி ஒன்று.
மூன்றாவது, குளிர்காற்று வருகிறது,
யாராவது அந்த ஜன்னலைச் சாத்துங்கள் என்பது.

அந்தக் காலத்தில் வாக்கு என்பது வாயால் சொல்வது.
சந்தை மேடையில் ஏறி
ஊர் கேட்கச் சொல்ல வேண்டும்.
யார் யாருக்கு என்று அச்சடித்து
ஆறு பென்னிக்கு விற்பார்கள்.
அந்தப் புத்தகமும் கடன் பேரேடும்
என் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும்.
கசாப்புக்கார டின்ஸ்டேல், நாற்பது பவுண்டு: திரெல்ஃபாலுக்கு.
விதவை மகன் ஹெப்பிள், பன்னிரண்டு: திரெல்ஃபாலுக்கு.
கொல்லர் ரைக்ராஃப்ட், இருபத்தாறு: எதிராளிக்கு.
பக்கத்தைப் பார்த்தார்,
"ம்" என்றார்.
அவ்வளவுதான். சத்தியமாக அவ்வளவுதான்.
கடிதத்தை எழுதியது நான்.
பட்டறைக்கல் ஏலத்துக்குப் போனது ஈஸ்டருக்கு முந்தின வாரம்.
நான்கு பேர் தூக்கினார்கள்.

பிறகு அந்த மசோதா வந்தது:
இனிமேல் வாக்கு ரகசியம்.
அவர் கட்சி எதிர்த்தது.
அவர் எழுந்து மறுபக்கம் நடந்தார்.
ஏன் என்று யாருக்கும் சொல்லவில்லை.
திரும்பி வரும் ரயிலில், கண்ணாடியைத் துடைத்தபடி
என்னிடம் மட்டும்,
"ஒரு தடவையாவது
சரியான எடை தெரிய வேண்டாமா, ஓட்லி?"

எழுபத்து நாலு, பிப்ரவரி.
வாக்குத் தருவீரா என்று கேட்டார், தந்தேன்.
பள்ளிக்கூடத்தில் மரத்தடுப்பு,
நூலில் கட்டின பென்சில்,
சாக்கட்டி வாசனை.
கரும்பலகையில் யாரோ அழிக்க மறந்த பெருக்கல் கணக்கு.
தப்பான கணக்கு அது. திருத்தக் கை துறுதுறுத்தது.
அந்தக் கையால்தான்
ஒரு சிலுவைக் குறி போட்டேன்,
தந்த வாக்குக்கு எதிரே.

அறுபத்தொன்பதில் தோற்றார்.

மறுநாள் ஒன்பது மணிக்கு வங்கி திறந்தது.
டின்ஸ்டேல் தொப்பியைத் தூக்கினார்.
ஹெப்பிள் தூக்கினான்.
எல்லாத் தொப்பியும் நேற்றைய உயரத்துக்கே எழுந்தன.
அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தபடி வந்து
என் மேஜைக்கு முன் நின்றார்.
முப்பத்தொரு வருடத்தில் முதல் முறையாகக்
கை நீட்டினார்.

கொடுத்தேன்.
கட்டை விரல் என் கைமேல்
தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே தங்கியது.
ஜன்னல் பக்கம் பார்த்தார்.

மை தீர்ந்துவிட்டது, வரவழையுங்கள் என்றார்.

அந்த வருடம் என் சம்பளம்
எட்டுப் பவுண்டு கூடியது.
காரணம் எழுதும் கட்டத்தில்
அவர் கையாலேயே
ஒரு கோடு மட்டும் இழுத்திருந்தார்.