பன்னிரண்டு தசம் நாலு

நிறத்தை நம்பாதே என்று
சாய்ந்தமருதுச் சந்தியில் நான் போர்டு எழுதி வைக்கவில்லை.
ஆனாலும் விட்ஸின் ஸ்டியரிங்குக்குக் கீழே
மல்லாந்து கிடந்து
மூடியைக் கழற்றியதும்
எனக்கு நானே முதலில் சொல்வது அதைத்தான்.

சிவப்பு என்றால் கரண்ட், கறுப்பு என்றால் எர்த்
என்பது கேள்விப்பட்டவர்கள் கதை.
ஜப்பானில் எவனோ
வெள்ளைக்குள் நெருப்பை வைத்திருப்பான்,
கறுப்பில் மெல்லிசாய் ஒரு கோடு இழுத்து
அதற்குள் ஸ்டார்ட்டரை ஒளித்திருப்பான்.

மீற்றரின் கறுப்பு முனை கவ்வ
சுத்தமான இரும்பு வேணும்.
கடலுக்கும் வயலுக்கும் நடுவில் ஓடுகிற வண்டியில்
அதைத் தேடுவதே பாதி வேலை.
உப்புக்காத்து ஒவ்வொரு போல்ட்டிலும்
பாசி மாதிரிப் பூத்திருந்தது.
சுரண்டினேன்.

கார்க்காரி தவமலர்,
ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி நேர்ஸ்.
மேல்மாடியில் நிண்டு பட்டனை அமத்தினா
கீழ கார் தன்பாட்டில ஸ்டார்ட் ஆக வேணுமாம்.
"ஏசி குளிரட்டும், அதுக்குத்தான்."
விடிய ஆறு மணிக்கு என்ன வெயில் என்று
நான் கேட்கவில்லை.

சாவி அவ கையில்.
"ஓஃப்ல வைங்க."
ஒரு தடித்த வயர் மட்டும் பன்னிரண்டு தசம் நாலு.
சாவி இல்லாவிட்டாலும் கண் மூடாது,
இதுவும் நைட் டியூட்டி.
"முதல் கட்டம்."
ரேடியோ வயர் எழும்பியது.
"ரெண்டாவது."
இன்னும் ரெண்டு பேர்.
"இப்ப ஸ்டார்ட் அடிங்க."

அந்த ஒண்டரை வினாடிதான் பரீட்சை.
ஸ்டார்ட்டர் இழுக்கிற இழுவையில்
ரேடியோ வயர் சைபருக்குச் சாய்ந்துவிடும்.
இக்னிஷன் வயர் குனியும்,
பத்துக்கு இறங்கும்,
ஆனால் போகாது.
அதுவரை செத்ததுபோல் கிடந்த ஒன்று
திடீரென்று நிமிரும்.
தத்துவம் ஒண்டுமில்லை.
மாறிக் கொடுத்தால் பியூஸ் போகும், அவ்வளவுதான்.

ஒரு காலம் இதே மாதிரிச் சுருளோடு
சைக்கிளில் போன என்னை
சந்திக்குச் சந்தி இறக்கி
ஒவ்வொன்றாய்த் தூக்கிப் பிடித்து
"இது என்ன? இது?"
அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு
திரும்பவும் வயரைப் பார்ப்பார்கள்.
ரிமோட் என்ற சொல்லை
வீட்டுக்குள்ளும் மெதுவாகத்தான் சொன்னோம்.
அப்படித்தான் எல்லா வயருக்கும்
பேரும் வேலையும் பாடமானது.

மஞ்சள் உறை போட்ட பக்கம் கை வைக்கவில்லை.
"அது எயார்பேக் மிஸ்ஸி,
பிழையாத் தொட்டா முகத்தில வெடிக்கும்."
சொல்லியிருக்கக் கூடாது.
அவ சாவியை அப்படியே விட்டு இறங்கிட்டா,
மறுகா ஏறவே இல்லை.
மிச்சத்துக்கு டயர்க் கடை இர்பாஸ்
வந்து சாவி திருப்பினான்.

பிரேக் வயர். கதவு வயர்.
மறுகா அவ கேட்காத ஒன்றும் போட்டேன்:
பொனட் திறந்திருந்தால்
எந்தப் பட்டனுக்கும் கார் அசையாது.
உள்ளே எவனுடைய விரலாவது இருக்கலாம்.

சோதிக்க வேணும். ரிமோட்டைக் கொடுத்தேன்.
ஐஸ் கம்பனி மதிலுக்கு அங்கால போய்
தலை மட்டும் தெரிய நிண்டா.
"அவ்வளவு தூரம் தேவையில்ல மிஸ்ஸி."
"எனக்குத் தேவை."

நான் காரை விட்டு நகரவில்லை.
மூடின பொனட்டில்
ரெண்டு கையையும் விரித்து வைத்தேன்,
அவவுக்குத் தெரிகிற மாதிரி.

லைட் ஒருக்கா மின்னியது.
கைக்குக் கீழே இரும்பு நடுங்கி, ஒருக்கா இருமி,
ஓடத் தொடங்கியது.
மதிலுக்கு மேலே தலை அப்படியே நின்றது.
எத்தனை வரை எண்ணினாவோ.
பிறகு வந்து, காசைத் தந்து,
ஏசியைப் போடாமலே
நாலு கண்ணாடியையும் இறக்கிவிட்டுப் போனா.

ஒரு விசயம் அவவிடம் சொல்லவில்லை.
உள்ளே ஒரு இளஞ்சிவப்பு வயர்,
எந்தக் கட்டத்திலும் சைபர்,
ஸ்டார்ட் அடித்தபோதும் சைபர்.
டேப் சுற்றித் திரும்ப உள்ளே தள்ளிவிட்டேன்.
அது என்ன என்று யாரும் கேட்டால்
தெரியாது என்று
இப்போது சொல்லலாம்.